நம்ம வண்டிதானே

லட்சுமிநாராயணன் சாருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பேர் வேவு சார். அது அவருக்கும் தெரியும். தெரிந்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்ட மனுசன் அவர்.

விளாங்குடியில் வீடு, பக்கத்திலேயே ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியார் வேலை. ரெண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் மதுரைப் பக்கம் பள்ளிகளுக்குள் ரோபோ போட்டி என்று ஒன்று கிளம்பியது. பிள்ளைகள் செய்த வண்டி ஓடிப்போய்க் கொக்கியால் டப்பாவைத் தூக்கி மேடையில் வைக்கணும். காலையில் தனித்தனி ஆட்டம். மத்தியானம், முன்னுக்கு வந்த பள்ளிகள் ஆளுக்கொரு பள்ளியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஆடணும். கூட்டணி என்று வந்துவிட்டால் நம்ம ஊரில் கேட்கவா வேணும்! யார் வண்டி வேகம், யார் வண்டி பாதியில் படுத்துக்கொள்ளும் என்று தெரிந்தவன்தான் தேறுவான். அதைப் பார்த்துச் சொல்ல சார் ஒரு பட்டாளமே சேர்த்து வைத்திருந்தார். கேலரியில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும், ஆளுக்கு ரெண்டு பள்ளி. கண்ணை அங்கே இங்கே எடுத்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழும்.

ரிமோட்டைப் பிடித்து வண்டியை ஓட்டியது அவர் மகள் ஸ்ரீவர்ஷினி. பதினொன்றாம் வகுப்பு. வீட்டில்தான் அவர் அப்பா, பள்ளிக்கூட வேலை என்றால் சார். அதில் மனுசன் ரொம்பக் கறார். மகளுக்கு இடம் கொடுக்கிறார் என்று ஒருத்தன் பேசிவிடக் கூடாதாம்.

அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு கல்லூரி அரங்கில் அந்த வருசப் போட்டி நடந்தது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு களம், ரெண்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஸ்ரீவர்ஷினி அவரிடம் வந்து நின்றாள்.

"சார், நான் நிக்கிற எடத்துல இருந்து வண்டியோட முதுகுதான் தெரியுது. கொக்கி மறைக்குது. மேல இருந்து கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"நம்ம வண்டிதானே, நமக்குத் தெரியாததா? போம்மா, போ."

அவருக்கு நிசமாகவே அப்படித்தான் நினைப்பு. அந்த வண்டி மாசக்கணக்காக அவர் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. ஊர்ப் பள்ளிக்கெல்லாம் ஆள் போட்டவர், சொந்த வண்டிக்கு ஒரு பிள்ளையைக்கூட உட்கார வைக்கவில்லை.

டப்பா விழுவதும் மறுபடி எடுப்பதுமாக எப்படியோ முன்வரிசைக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில், "டப்பா ஏன் விழுதுன்னே தெரியல சார்" என்றாள். புளியோதரையை வாயில் வைத்தபடியே, "உன் கைதான் நடுங்குது. பதறாம ஓட்டு" என்று சொல்லிவிட்டார். பாவி மனுசன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் டவுன் பள்ளி வாத்தியார் அப்துல் வஹீது வந்தார். "சார், நம்ம ரெண்டு பேரும் சேந்துக்கலாமா?"

"உங்க வண்டி நடந்துல்ல போகுது பாய்!" என்று சிரித்துத் தட்டிக் கழித்துவிட்டு, இருப்பதிலேயே வேகமான வண்டியைச் சேர்த்துக்கொண்டார். அந்த வண்டிக்கு எதிராளியை மறிக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது. தூக்குகிற வேலை மொத்தமும் ஸ்ரீவர்ஷினி தலையில். தூக்கினாள், விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. முதல் ஆட்டத்திலேயே கதை முடிந்தது.

வஹீது ஆறுதல் சொல்ல வந்தார். "இடப்பக்கம் திரும்புறப்பல்லாம் கொக்கி தொங்கிப்போகுதே சார். எங்க பிள்ளைக காலையிலயே சொல்லிருச்சுக. தூக்குறத நாங்க பாத்துக்கலாம்னுதான் உங்ககிட்ட கேட்டேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

கூடவே வந்திருந்த வஹீதின் மாணவி அப்சானா வெள்ளந்தியாகச் சொன்னாள்: "டப்பா விழுகுறப்பல்லாம் அந்தக்கா நிமிந்து, மேல கேலரில உங்களப் பாத்தாங்க சார். ஏதோ ஜாடை காட்டுறீங்கன்னு நாங்களும் உங்களையே பாத்தோம். நீங்க பக்கத்துக் களத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"சும்மா இரு புள்ள" என்று வஹீது அதட்டினார். ஆனால் சொன்னது சொன்னதுதானே. அத்தனை பேர் வண்டியையும் பார்த்தவர், பெத்த பிள்ளை தன்னைத் தேடினதைப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், "உன் கை நடுங்கலம்மா. என் தப்புதான்" என்றார்.

"பரவால்ல சார்" என்றாள்.

வீட்டுக்குள்ளே போகிறவள் சொன்ன ‘சார்’ அது, ‘அப்பா’ இல்லை. அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வெளியிலேயே நின்றார்.

அடுத்த வருசம் ஸ்ரீவர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். வற்புறுத்த அவருக்கு வாய் வரவில்லை. அந்தப் போட்டியில் மற்ற பள்ளிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சொந்த வண்டியை அவரே பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டுகிற பையன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரோ பெத்த பிள்ளை அது, நன்றாகத்தான் ஓட்டினான். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.