முதல் பிடி

சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் மால்சுக் என்ற பெண்ணுக்குக் கல்லை மாவாக்கும் வேலை. கனத்த எஃகுக் கிண்ணம், உள்ளே ஒரு வளையம், நடுவில் ஒரு குண்டு. மூடியை இறுக்கிப் பொத்தானை அமுக்கினால் அந்த அரைக்கும் மில், சாமி வந்ததுபோல் ஆடும். அந்த மாவை அழுத்தி வில்லையாக்கி எக்ஸ்ரே கருவியில் வைத்தால், கல்லில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லிவிடும். முந்தின கல்லின் தூசி ஒட்டியிருந்தால் மட்டும் அது பொய் சொல்லும். அதனால் புதுக் கல்லில் ஒரு பிடியை முதலில் அரைத்துக் கொட்டிவிட வேண்டும். அடுத்த பிடிதான் கணக்கு.

சுரங்கத்திலிருந்து கல் கொண்டுவரும் டிரைவர் தொக்சு, ஐம்பதைத் தாண்டிய பிரம்மச்சாரி. வசந்தத்தில் அவளைப் பெண் கேட்டான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இறந்துபோன கணவன் ஹாங்குவுக்குப் பிள்ளையும் இல்லை, தம்பியும் இல்லை. அவள் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டால் நினைவு நாளில் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறும் ஒரு மீனும் வைப்பது யார்? எந்தப் புதுப் புருஷன் பழைய புருஷனுக்குப் படையல் வைக்க இடம் கொடுப்பான்? இதை வாய்விட்டுக் கேட்க முடியாமல் இலையுதிர்காலம்வரை இழுத்துவிட்டாள்.

பொறுத்துப் பார்த்த தொக்சு ஒருநாள் மில்லைக் காட்டினான்.

"இதையே பாருங்களேன். முதல் பிடி கிண்ணத்தைக் கழுவத்தானே? ரெண்டாவதுதான் கணக்கு."

"அப்போ என் வீட்டுக்காரர் குப்பையில கொட்டின பிடியா, டிரைவரே?"

பாவம், அவன் முகம் செத்துவிட்டது. மூட்டையைப் போட்டுவிட்டுப் போனவன், கையெழுத்துப் போடக்கூட மறந்துவிட்டான்.

அன்று முழுக்க அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் கை வழக்கம்போல் முதல் பிடியை அரைத்துக் கொட்டியபோது, மனசு வேறு ஏதோ சொன்னது. குடிகார அப்பனிடம் அடிபட்டு வளர்ந்தவள் அவள். யாராவது கையை ஓங்கினாலே ஒடுங்குவாள். கல்யாணமான பிறகு அந்தப் பயத்தில் ஹாங்குவின் மேல் எரிந்து விழுவாள். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அவள் பயமில்லாமல் சிரிக்கப் பழகிய நேரத்தில் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தொக்சு பெண் கேட்டதே. அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் தொக்சு சோதனைக்கூட வாசலிலேயே நின்றான். "நேத்து வாய் தவறிடுச்சு."

"தவறல. ஆனா முதல் பிடி ஒண்ணும் மட்டமான கல்லு இல்ல, கேட்டுக்குங்க. என்கிட்ட ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் வாங்கிக்கிட்டுப் போன மனுஷன் அவர். அவரை நான் பட்டினி போட மாட்டேன். வருஷா வருஷம் நம்ம வீட்டுலதான் படையல். முடியுமா, முடியாதா?"

தொக்சு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அவருக்கு எந்த மீன் பிடிக்கும்?"

ஹாங்கு போனபிறகு அவனைப் பற்றி அவளிடம் ஒருவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.