சம்பந்தி வீட்டு மீன் தொட்டி

என் சம்பந்தி பொய் சொல்கிறார். மீன் தொட்டி ஒழுகும் என்று முதலிலேயே சொல்லித்தான் எனக்கு விற்றதாகப் போகிற விசேஷ வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன வாரம் ஒரு வளைகாப்பில் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருந்து கேட்டவர் எனக்கு வேண்டியவர் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது. குடுமியான்மலைப் பக்கம் வீட்டை ஒட்டியே மாவு மில் நடத்துகிறவள் நான். மில் ஓடுகிற சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிவிட்டதால் மெதுவாகப் பேசவும் வராது. மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுவது அதைவிட வராது.

மகளைப் புதுக்கோட்டை டவுனில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சம்பந்தி அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஹாலில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி இரும்பு ஸ்டாண்டில் நின்றது. ஆரஞ்சும் கறுப்புமாக, உள்ளங்கை அகலத்துக்கு நாலு ஆஸ்கர் மீன்கள்.

பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணைப் பெற்றவள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. சோபாவின் நுனியில் உட்கார வேண்டும். காபி ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். பஸ் ஏறும்போதே என் வீட்டுக்காரர், அங்கே வந்து வாயைத் திறக்காதே என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். நாலில் ஒரு மீன் கண்ணாடி ஓரத்துக்கு வந்து என்னை முறைக்கும். நானும் முறைப்பேன். அந்த வீட்டில் நான் நானாக இருந்தது அந்த மீனிடம் மட்டும்தான்.

பேத்தி தவழ ஆரம்பித்தாள். கையில் கிடைத்த டம்ளரைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் தட்டினாள். தொட்டியைக் கொடுத்துவிடப் போவதாக சம்பந்தி ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்குக் கொடுங்கள் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். மிதித்துப் பயனில்லை, சொல்லியாகிவிட்டது.

சம்பந்திக்கு ஒரே சந்தோஷம். "அதுக்கென்ன, சும்மாவே எடுத்துக்கங்க" என்றார்.

இந்தச் சும்மா என்கிற வார்த்தையைச் சம்பந்தி வாயிலிருந்து கேட்டால் ஓட வேண்டும். பேத்திக்குக் காதுகுத்து வருகிறது. சும்மா வந்த தொட்டியின் விலை அன்றைக்கு நான் வைக்கிற சீர்த்தட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லை, விலைக்குத்தான் வேண்டும் என்றேன். விலையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்காரனிடம் கால் மணி நேரம் சண்டை போடுகிற எனக்குச் சம்பந்தியிடம் என்ன விலை என்று கேட்க வாய் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். மில் ஓடினால் ஹால் சுவரே அதிர்கிறது, அந்த மீனெல்லாம் பயந்தே செத்துப்போகும் என்றார். உங்க அம்மா இந்த அதிர்விலேதானே இத்தனை வருஷம் மத்தியானம் தூங்குறாங்க என்றேன்.  தொட்டி வைக்கிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் மகள் போன் செய்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ரகசியமாகப் பேசினாள்.

"அம்மா, அந்தத் தொட்டி ஒழுகுது. மாமா ஒங்ககிட்ட மறைக்கிறாரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாத. தெரிஞ்சா இந்த வீட்டுல நான் நிம்மதியா இருக்க முடியாது."

போனை வைத்துவிட்டாள். எனக்கு மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒழுகுகிற தொட்டியை ஒழுகும் என்று தெரிந்தே வாங்க வேண்டுமா? வேண்டாம் என்று சொன்னால், போன வாரம் ஆசைப்பட்டவள் இந்த வாரம் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று யோசிப்பார்கள். யோசித்தால் மகள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒழுகுமாமே என்று கேட்டுவிட்டாலோ கதையே முடிந்தது. அந்த வீட்டில் வாழ வேண்டியவள் அவள். நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

வாஸ்து சரியில்லை என்று சொல்லிவிடு என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில், பேசாமல் வாங்குவது, கொண்டுவந்து பூச்செடி வைப்பது என்று முடிவு செய்தேன். மகளுக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வயிறு எரிந்தது. ஒழுகுவதற்காக இல்லை. என்னை ஏமாற்றியதாக அந்த மனிதர் நினைத்துக்கொள்வாரே, அதற்காக.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மகள் அடுப்படியில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையிலேயே ஒரு கும்பிடு இருந்தது. சம்பந்தி தொட்டி லைட்டைப் போட்டார், காற்று மோட்டாரைப் போட்டார். குமிழ் குமிழாக வந்தது. ஜவுளிக்கடைக்காரர் பட்டுப்புடவையை விரிப்பது போல ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்ணீர் முக்கால்வாசிதான் இருந்தது. ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். இதைக் கேட்பதில் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் கேட்டேன். நிரப்பினால் மீன் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்றார். தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி போட்டிருந்தது. மூடி போட்ட தொட்டியில் இருந்து மீன் எப்படித் துள்ளும்? கேட்கவில்லை. பஜ்ஜியைக் கடித்தேன்.

சும்மா சுற்றிப் பார்க்கலாமே என்று எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பின் மூலையில், மேலிருந்து கீழே வெள்ளையாக ஒரு தாரை இறங்கியிருந்தது. எங்கள் மில்லில் போர்வெல் தண்ணீர்க் குழாய் ஒவ்வொரு இணைப்பிலும் இப்படித்தான் பூத்துக் கிடக்கும். தண்ணீர் கசிந்து காய்ந்தால் உப்புப் படியும். இந்தப் பக்கம் போர் போட்டிருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இது என்ன சம்பந்தி என்று கேட்டேன்.

அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அதா? ஆயுத பூஜைக்குப் போட்ட திருநீறு" என்றார்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் மிக்ஸி முதல் அரிவாள்மனை வரை எல்லாவற்றுக்கும் திருநீறு பூசுகிறோம், உண்மைதான். மீன் தொட்டிக்கும் பூசலாம். ஆனால் சுவரைப் பார்த்த மூலையில், கழுத்தை வளைத்தால்தான் தெரிகிற இடத்தில் எந்தப் பக்திமான் பூசுவான்?

சம்பந்தி திருநீறு என்று சொன்ன பிறகு நான் அதைச் சந்தேகப்பட்டால் அது சாமி குற்றம். அதனால் முறைப்படி நடந்துகொண்டேன். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பயபக்தியாக மூலைக்குக் கையை நீட்டினேன். விரலில் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. சுரண்டி எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். எல்லோரும் செய்வதுபோல் மீதியை நாக்கில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் மில் குழாயின் அதே ருசி.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆனால் பாருங்கள், இப்போது நான் மகள் சொன்னதைச் சொல்ல வேண்டியதே இல்லை. என் நாக்கு கண்டுபிடித்ததைச் சொன்னால் போதும்.

"சம்பந்தி, ஒங்க வீட்டுத் திருநீறு உப்புக் கரிக்குதே. எந்தக் கோயில்ல வாங்குனீங்க?"

 என் வீட்டுக்காரர் காபி டம்ளருக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டார். சம்பந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துடைத்தார். அடுப்படி வாசலில் முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. சம்பந்தியம்மா. நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாந்தான் ஒங்க மகள விட்டுப் போன் பண்ணச் சொன்னேன் அத்தாச்சி" என்றார். "இந்த மனுசன் ஒங்க தலையில கட்டப் பாக்குறாருன்னு எனக்குத் தெரியும். நான் நேரா சொன்னா வீட்டுல சண்டை. அவ சொன்னா வெளிய தெரியாது. பயந்தவ மாதிரி பேசுன்னு நாந்தான் சொல்லிக்கொடுத்தேன்."

மகள் பின்னால் கரண்டியோடு நின்று சிரித்தாள். நாலு நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. இவள் மாமியாரோடு சேர்ந்து நாடகம் போட்டிருக்கிறாள். கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாக வேறு ஒன்றும் வந்தது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து மாமனாரைக் கவிழ்க்கிற வீட்டில் என் மகளுக்கு ஒரு குறையும் வராது. அன்றைக்குத்தான் அந்த சோபாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

சம்பந்தி அப்போதும் விடவில்லை. இப்போது தண்ணீர் நிற்கிற கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுகாது என்றார். அவர் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். ஒழுகுகிற தொட்டிக்கு என்ன தரலாமோ அந்த விலையை எல்லோர் காதிலும் விழும்படி நானே சொன்னேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார். சம்பந்தியம்மா தலையாட்டினார். வியாபாரம் முடிந்தது.

குட்டியானை வண்டியில் தொட்டி ஊருக்கு வந்தது. மீன்கள் டிரம்மில் வந்தன. மூலையைச் சுரண்டி, புதிதாக சிலிக்கான் பசை வைத்து, காயவிட்டு, கழுத்து வரை தண்ணீர் நிரப்பினேன். ஒழுகவில்லை. மில் ஓடுகிறது, சுவர் அதிர்கிறது, ஒரு மீனும் பயப்படவில்லை. மாவு அரைக்க வருகிறவர்கள் யார் முதலில் என்று சண்டை போடுவதை விட்டுவிட்டுத் தொட்டியை வேடிக்கை பார்க்கிறார்கள். நான் நினைத்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நினைத்தால் மீனை முறைக்கிறேன். சம்பந்தியும் அடிக்கடி வருகிறார். வந்தவுடன் தீனி அதிகம் போடுகிறேன் என்று குறை சொல்கிறார். சொல்லட்டும். அவர் வளர்த்த மீன்கள், அந்த உரிமை அவருக்கு உண்டு.

ஆனால் எல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்வதற்கு அவருக்கு உரிமை இல்லை. போன் செய்யச் சொன்னதே தான்தான் என்றும் இப்போது சேர்த்துக்கொண்டாராம். அந்தப் பெருமை சம்பந்தியம்மாவுக்கு உரியது. அதைச் சம்பந்தி எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

சம்பந்தி, இதை நீங்கள் படிப்பீர்கள், இல்லாவிட்டால் உங்கள் மருமகள் படித்துக்காட்டுவாள். காதுகுத்துக்கு ரெண்டு பக்கத்துச் சொந்தமும் குலதெய்வக் கோயிலுக்கு வருகிறது. மைக் செட்டுக்கு நான் சொல்லிவிட்டேன். மொய் எழுத உட்காரும் முன்னால் நீங்கள் எழுந்து மைக்கைப் பிடிக்க வேண்டும். ஒழுகும் என்று என்னிடம் என்றைக்கு, எந்த இடத்தில், யார் காது கேட்கச் சொன்னீர்கள்? அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.