தெய்வாத்தாள் வீட்டுக்குத் தைத்த பெயர்

கருமத்தம்பட்டியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துவந்த ராமாமணிக்கு, எழுத்துகளை நடுவில் நிறுத்துவதில் இருந்த கர்வம் வேறெதிலும் இல்லை. தலைப்பைப் பார்த்ததும் எழுத்தை எண்ணுவாள், தாளின் அகலத்தில் கழிப்பாள், மீதியை இரண்டாக வகுப்பாள். கல்யாண மண்டப பேனரில் பெயர் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

தொண்ணூற்று நான்கில், பக்கத்துத் தெருவில் தறி போட்டிருந்த நஞ்சுண்டன் புது வீடு கட்டி, மனைவியின் பெயரையே வைத்தார். தெய்வாத்தாள் இல்லம். தெய்வாத்தாள் ராமாமணியின் சிநேகிதி. எவர்சில்வர் பாத்திரம் ஊரே கொடுக்கும்; நாம் வீட்டுப் பெயரை கிராஸ் ஸ்டிச்சில் தைத்துச் சட்டம் போட்டுக் கொடுப்போம் என்று முடிவு செய்தாள். காந்திபுரம் போய், கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியும் நூலும் ஒரு டிசைன் புத்தகமும் வாங்கிவந்தாள். பிடித்த டிசைனில் பக்கத்துக்கு ஒரு கிளி, கீழே பூவரிசை, நடுவில் பெயர் வர வேண்டிய இடத்தில் 'வெல்கம்'. புத்தகத்தின் கடைசியில் ஏ முதல் இசட் வரை இருந்தது. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

அதனாலென்ன? கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தானே வரைந்தாள். 'த'வுக்கு வயிறு சரிந்தது. 'ள்'ளை அழித்து அழித்துத் தாளே கிழிந்தது. கடைசியில் ஒவ்வொன்றையும் பத்துக் கட்ட அகலத்துக்குள் அடக்கினாள். டைப்ரைட்டர் கணக்கில் கொம்பு, கால், சொல்லுக்கு நடுவில் விடும் இடம் எல்லாம் தனித்தனி; அந்தப் பெயருக்குப் பதினான்கு இடம். ஆக நூற்று நாற்பது கட்டம். கிளிகளுக்கு நடுவே இருப்பது நூற்றைம்பது. இரண்டு பக்கமும் ஐந்தைந்து விட்டால் கச்சிதம்.

மூன்று வாரம் தைத்தாள்; முதலில் கிளிகள், பிறகு பெயர். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மத்தியானம் 'இல்' போட்டு நிமிர்ந்தபோது, மூன்று கட்டம் தள்ளி வலது பக்கக் கிளியின் மூக்கு நின்றது. 'லம்' பாக்கி.

முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இரண்டிரண்டு கட்டம் விட்டுத் தைத்திருந்தாள். அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டைப்ரைட்டரில் அந்த இடத்தை மிஷினே விட்டுவிடும்.

அவள் கணவர் நரசிம்மலு துணியைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கிளியைப் பிரிச்சுப்போட்டு அங்க 'லம்' போட்டுறலாமே?"

"ஒத்தைக் கிளியோடவா பால் காய்ச்சற ஊட்டுக்குப் போறது?"

"அப்ப அதைக் கிளியே சொல்றாப்பல வாயில குடுத்துரு."

'இல்'லோடு நின்ற துணியைப் பிடுங்கிக்கொண்டு, சட்டம் போடும் கடைக்கு நடந்தாள்.

மறுநாள் காலை, செய்தித்தாள் சுற்றிய சட்டத்தைப் பாத்திரங்களுக்கு அடியில் செருகிவிட்டு நழுவப் பார்த்தாள். நஞ்சுண்டன் விடவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, மூணு வாரம் கண்ணு நோகத் தெச்சிருக்கறீங்க. நாலு பேரு பாக்கட்டுமுங்க." தாளைக் கிழித்து உரக்க வாசித்தார். "தெய்வாத்தாள்... இல்..."

"இல்லைங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் முடித்துவைத்தார்.

பால் சொம்போடு நின்ற தெய்வாத்தாள் பதறிப்போய், "நானு இங்கதானுங்க இருக்கறேன்" என்றாள்.

வீடே சிரித்தது. ராமாமணிக்குக் காது சுட்டது. "இல்லுன்னா ஊடுங்க. சுத்தத் தமிழு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

பந்தியில் இருந்த தமிழாசிரியர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "அம்மணி சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க! இல்லாள், இல்லறம், எல்லாம் அந்த இல்லுதானுங்களே!"

அங்கே இருந்தவர்களில் அதிகம் திகைத்தவள் ராமாமணிதான். "நெசமாலுமுங்களா?" என்று கேட்க வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நஞ்சுண்டனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பெயின்டரைக் கூப்பிட்டு, வாசல் சுவரில் எழுதியிருந்த வீட்டுப் பெயரிலும் 'லம்'மை அழிக்கச் சொன்னார். அடுத்த வாரமே, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த யாரோ சுவரைப் படித்துவிட்டு, தெய்வாத்தாள் இல்லையாம் என்று திரும்பிப் போனார்கள். "போகட்டுமுங்க. அவுங்க உக்காந்தா எந்திரிக்கவே மாட்டாங்க" என்றாள் தெய்வாத்தாள்.

பவானியில் வீடு கட்டிய நஞ்சுண்டனின் தங்கை கனகம், தனக்கும் ஒன்று வேண்டும் என்று வந்தாள். இந்தத் தடவை ராமாமணி தாள்களை நீளமாக ஒட்டி, இடைவெளிக் கட்டங்களையும் எண்ணி, 'கனகம் இல்லம்' என்று முழுப் பெயரையும் வரைந்து காட்டினாள். எல்லாம் கனகச்சிதம். கனகத்தின் முகம்தான் சுருங்கிவிட்டது.

"அண்ணன் ஊட்டுக்குச் சுத்தத் தமிழு, எங்கூட்டுக்கு மட்டும் சாதாவுங்களா?"

ராமாமணி ரப்பரைத் தேடினாள்.