இருபத்திரண்டு தலை, இருபத்துமூன்று குரல்

"ஹலோ அத்தை" என்ற பெயரை அண்ணி முதன்முதலாகக் கேட்டது, அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "ஹலோ அத்தை வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடின. வந்தவள் நாத்தனார். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பகலெல்லாம் "ஹலோ, சொல்லுங்க" என்று சொல்லிப் பழகி, வீட்டுக் கதவைத் தட்டினாலும் அதையேதான் சொல்லுவாள். ஆளை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். குரலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

இருபத்தெட்டு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்தாள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு "லைன் பிஸி" என்பாள். ஆஸ்பத்திரியில் மெஷினே பேசத் தொடங்கியதும் வேலை போயிற்று. ஆறு மாதம் கழித்து, கடல் தாண்டி ஒரு மலையூரில் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"ஊரார் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளருமாம். உனக்கு எந்தப் பிள்ளை வளரப் போகுது?" என்றார் அண்ணன்.

"உங்க பிள்ளைதான் அண்ணா. காலேஜ் அரியர்லயே நாலு வருஷமா வளராம நிக்கிறானே!"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன இடத்தில் பள்ளிக்கூடம் இரண்டே அறை. மேலே தகரம், பின்னாலிருந்து முன்பக்கம் வளைந்து ஓடும் ஓடை, அதன்மேல் மேட்டுக்குப் போகும் சின்னப் பாலம், பக்கத்தில் கல் மேடைமேல் இரும்பு ஏணியோடு உயரமான தண்ணீர்த் தொட்டி. ஒரு அறை ஹெட்மாஸ்டருக்கு, மற்றது இவளுக்கு. இருபத்துமூன்று பிள்ளைகள். தப்பும் தவறுமாக அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டாள். பழக்கம் மட்டும் போகவில்லை. குனிந்த தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவாள். காதால் கேட்டே குறித்துக்கொள்வாள்.

பிள்ளைகள் ஒழுங்காக வரவேண்டும் என்று ஒரு ஆசை காட்டினாள். வாரம் முழுக்க ஒருவர்கூட விடுப்பு எடுக்காவிட்டால், சனிக்கிழமை ஒரு பிள்ளை அவளுடைய ஃபோனில் அண்ணியோடு இங்கிலீஷ் பேசலாம். அண்ணிக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'ஃபைன்' ஒன்றுதான். பேர் என்ன என்று கேட்டாலும் ஃபைன். அந்த ஒரு ஃபைனுக்காகக் காய்ச்சலோடும் பிள்ளைகள் வந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. மதியச் சாப்பாடு முடிவதற்குள் ஓடை கரையைத் தாண்டிவிட்டது. லாரி ஒன்று வந்தது. ஹெட்மாஸ்டர் தன் அறையின் குட்டிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முதல் நடை மேட்டுக்குப் போனார். லாரி திரும்பி வந்ததும் இவள் தன் பிள்ளைகளை ஏற்றினாள். திறந்து கிடந்தால் ஆடு புகுந்து நோட்டைத் தின்னும் என்று, வழக்கம்போல அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து பெயர் கூப்பிட்டாள். இருபத்துமூன்று குரலும் வந்தன.

"போலாம்" என்றாள்.

பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பூனைக்குட்டி! எங்கே உட்கார்ந்தாலும் சுருண்டு தூங்கி அந்தப் பெயர் வாங்கிய சின்னவள். மூன்று நாளாக அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையில் பெயர் கூப்பிட்டபோது வெறும் காற்றுதான் வந்தது. இப்போது வந்த குரலோ கணீர்!

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" கேபினை அறைந்தாள். "பூனைக்குட்டி எங்கடி?"

பூனைக்குட்டியின் அக்காக்காரி உதட்டைக் கடித்தாள். "காய்ச்சல்னு ஹெட்மாஸ்டர் முதல் நடையிலயே கூட்டிட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சேன் டீச்சர். வாரம் கெட்டுப் போயிடுமேன்னு அவ பேருக்கும் நான்தான் குரல் குடுத்தேன். நாளைக்கு எங்க முறை."

டிரைவர் தலையை நீட்டினார். "மேலதான் இருக்கும்மா. பாலத்துமேல தண்ணி ஏறுது, பாக்கறீங்கல்ல?"

"அங்க இருந்தா சரி. இல்லேன்னா? அறைச் சாவி என் இடுப்புல இருக்குங்க!"

"இருபத்திரண்டு உசிரு என் வண்டில. நின்னா எல்லாரும் போயிடுவோம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அவள் இறங்கினாள். "நீங்க நிக்காதீங்க. போங்க அண்ணே, போங்க!"

லாரி பாலத்தில் ஏறியது. சக்கரத்தில் பாதி தண்ணீரில் இருந்தது. அக்காக்காரியின் அழுகை அக்கரை சேரும்வரை கேட்டது.

பள்ளிக்கூட வாசலில் முழங்கால் தண்ணீர். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவள் காது செத்துவிட்டது. பூட்டின் துவாரத்துக்குள் சாவி போகவில்லை. ஈரத்தில் வழுக்கியது. "ஹலோ! ஹலோ!" என்று கத்தினாள். பதில் இல்லை. ஒருவேளை மேலேதான் இருக்கிறாளோ? திரும்பிவிடலாமா? கதவில் காதை வைத்தாள். உள்ளே டொக், டொக். மரத்தில் மரம் தட்டும் சத்தம். அப்புறம்தான் பூட்டு திறந்தது.

பூனைக்குட்டி பெஞ்சின்மேல் நின்று ஸ்கேலால் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தாள். கத்தக் குரல் இல்லை. பீரோவுக்குப் பின்னால் பை மூட்டையில் தூங்கிப்போனவள், கால் நனைந்துதான் விழித்திருக்கிறாள்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பாலம் கண்ணில் படவில்லை. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணிதான் மிச்சம். மேலே ஏறி, பிள்ளையைத் தன் புடவைத் தலைப்பால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஏணியின் முதல் படியை ஓடை தொட்டது; இரண்டாம் படியைத் தொட்டது; மூன்றில் நின்றது. சாயங்காலம் வெள்ளம் வடிந்ததும் அதே டிரைவர் கயிற்றோடு வந்தார். "ஏம்மா, உங்களுக்குக் காது இருக்கு, கண்ணு இல்லையா?" என்று திட்டிக்கொண்டேதான் இறக்கிவிட்டார்.

அவள் நேராக ஹெட்மாஸ்டரிடம் போய், "தலையை எண்ணாம குரலை எண்ணினேன். பூட்டினதும் நான்தான். பிள்ளைங்கமேல தப்பு இல்ல" என்றாள். சாவியை மேஜைமேல் வைத்தாள். அவர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். வருகைப் பதிவேட்டை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் சனிக்கிழமை. பூனைக்குட்டிதான் பேசினாள். வந்தது காற்றுதான். அந்தப் பக்கம் அண்ணி, "யாரு? என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

"அண்ணி, ஃபைன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் இவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அப்புறம் ஆசை காட்டுகிற வழக்கத்தை விட்டுவிட்டாள். வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை ஒரு பிள்ளைக்கு ஃபோன் உண்டு. அண்ணன் மாதம் ஒருமுறை "எப்ப வர்றே?" என்று கேட்கிறார், அவளும் "இந்த வருஷம் முடியட்டும்" என்கிறாள்.

ஹலோ அத்தை இப்போதும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள். இது நாலாவது வருஷம். ஒவ்வொரு தலையையும் தொட்டுத்தான் பெயர் கூப்பிடுகிறாள்.