பாதி விலை

அந்தத் தொண்டு நிறுவனத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசீதக்கா. வேலைக்குச் சேர்ந்த வாரமே வாங்கிக்கொண்ட பட்டம் அது. வேன் ஓட்டுநர் டயருக்குக் காற்றடித்த காசைக் கேட்டு வந்து நின்றபோது, நிமிர்ந்தும் பார்க்காமல் "ரசீது?" என்றாள்.

"காத்துக்கு ஏதுக்கா ரசீது?"

"அப்ப காசும் காத்தோட போகட்டும்."

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். பட்டம் ஒட்டிக்கொண்டது. அவளும் துடைத்துப் போட நினைக்கவில்லை. சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்த காலத்திலும், அந்தத் தியேட்டரை இடித்த பிறகு இரும்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்த காலத்திலும், மாலையில் பணம் ஒரு காசு குறைந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், "நீ பரலோகம் போனாலும் வாசல்லயே நிப்பே, உள்ள விட்டதுக்கு ரசீது குடுங்கன்னு" என்பார்.

சபைப் போதகர்தான் அவளை இங்கே கொண்டுவந்தார். நிறுவனத்தை நடத்துபவரும் அவரே. வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போய் அடைத்து வைக்கப்பட்டவர்களை மீட்பது, மருந்து கொடுப்பது, வழக்கு நடத்துவது, ஊருக்கு அனுப்புவது, இதுதான் அவர்கள் ஊழியம். மாடியில் கட்டில்கள். கீழே அலுவலகம். மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில் ரசீதக்காவும் இரும்புப் பெட்டியும்.

பணமெல்லாம் காணிக்கைதான். சில சபைகள் கேள்வி கேட்காமல் அனுப்பும். சில சபைகள், "எங்கள் பணத்தில் எத்தனை பேருக்கு விடுதலை கிடைத்தது?" என்று கேட்டு எழுதும். போதகருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. ஆனால் பதில் எழுதாவிட்டால் அடுத்த வருடம் கடிதம் வரும், காசோலை வராது. அதனால் ரசீதக்கா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வாடகை, டீசல், வக்கீல், மருந்து, தன் சம்பளம் உட்பட எல்லாவற்றையும் கூட்டி, வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தாள். 'ஒருவரை மீட்டுக் கரைசேர்க்க ஆகும் செலவு' என்று அந்தத் தொகை ஆண்டறிக்கையின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு செலவுக்கு மட்டும் அவள் பெட்டி திறக்காது. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் போதகர் சொல்வார்: "விலை குடுத்து மீட்கறது கர்த்தர் ஒருத்தருக்குத்தான் ஆகும். நாம குடுத்தா அதுக்குப் பேரு வியாபாரம்." அடைத்து வைத்தவன் கையில் ஒரு காசு போகக் கூடாது. அதில் தயவு தாட்சண்யம் இல்லை.

கட்டில்கள் பெருகிய வருடம், துணி துவைக்கும் இயந்திரம் கையை விரித்தது. படுக்கை விரிப்புகளை வெளியே கொடுக்கலாம் என்று முடிவானது. மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்ததை எடுப்பது அவள் வழக்கம். ஒரு லாண்டரியின் விலை மற்ற இரண்டையும் தரையில் போட்டு மிதித்தது. துணியோ பால் வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் வந்தது. "அக்கா கைராசி" என்று நிர்வாகக் குழுவில் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் பில்லில் இரண்டு தலையணை உறை அதிகமாக இருந்தது. விடுவாளா? பேருந்து ஏறி, அதைக் கேட்க நேரே லாண்டரிக்கே போனாள்.

முன்னறையில் ஆள் இல்லை. பின்கதவைத் தள்ளினாள். நீராவி முகத்தில் அறைந்தது. நீளமான கொட்டகை, ஜன்னல்களில் எல்லாம் தகரம் அடித்திருந்தது. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் இரண்டிரண்டு பெண்களாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வயது. யாரும் பேசவில்லை. கதவருகே நின்றவளின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கந்தைத் துணி சுற்றியிருந்தது. துணி விலகிய இடத்தில் தோல் வெந்து சுருங்கியிருந்தது. அவள் கையில் இருந்த விரிப்பின் மூலையில் ரசீதக்காவுக்குத் தெரிந்த முத்திரை. அவர்கள் நிறுவனத்தின் முத்திரை.

அந்தப் பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள். "அக்கா, இந்தத் துணியில போட்டிருக்கற இடம் எங்க இருக்கு? அங்க போயிட்டா விட்டுருவாங்கன்னு ஒருத்தி சொன்னா. நெசமா?"

ரசீதக்கா அந்த முத்திரையையே பார்த்தாள். விடுதலையானவர்கள் படுக்கிற துணியை விடுதலையாகாதவர்கள் வெளுக்கிறார்கள். இடத்தைத் தேடிப் பிடித்தது அவள். விலை மலிவென்று மார்தட்டியதும் அவள்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று பின்னால் குரல் வந்தது. லாண்டரி முதலாளி. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி, பள்ளி வாத்தியார் போல ஒரு சாந்தம். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, அவரே பேச்செடுத்தார். "அவளா? வீட்டுல அட்வான்ஸ் வாங்கியிருக்காங்கம்மா. கட்டிட்டா தாராளமா போகலாம். நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?"

போதகரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சொன்னால் முதலில் வரும் கேள்வி, 'அந்த லாண்டரியைப் பிடிச்சது யாரு?' என்பதுதான். தவிர, முன்பு நிறுவனத்தார் ஒரு பட்டறைக்குப் போலீசோடு போனபோது யாரோ முந்திச் சொல்லிவிட்டார்கள், வெறும் சுவர்தான் இருந்தது. இந்தப் பெண்ணையும் அப்படி எங்காவது கொண்டுபோய்விட்டால்? அந்தக் கை கண்ணை விட்டு அகலவில்லை.

வீட்டில் கொஞ்சம் பணம் இருந்தது. வேலையில் கம்பி தெறித்து முன்பற்களை இழந்த கணவருக்குப் பல் கட்ட வைத்திருந்தது. மறுநாள் அதை எடுத்துப்போய் முதலாளியிடம் கொடுத்தாள். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ரசீது கேட்கவில்லை.

'பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டிருந்தாள்' என்று சொல்லிப் பெண்ணை மாடியில் சேர்த்தாள். காலை ஜெபத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் சுவரைப் பார்த்தாள். ரசீதக்காவிடம் மட்டும், "சொன்னா மத்தவங்களை அடிப்பாங்கக்கா" என்றாள். கொஞ்சம் தேறட்டும், அவளாகச் சொல்வாள், மற்றவர்களும் வெளியே வந்துவிடுவார்கள் என்று ரசீதக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவர் பொக்கை வாயைத் தடவிக்கொண்டார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. என் பல்லு போயி உன் சொல்லு போயிருச்சே. போதகர்கிட்ட பொய் சொல்லிட்டியே" என்றார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

பிறகு ஒரு முற்பகலில் அந்த மாடிப்படி அறையின் வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

"வணக்கம்மா. வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி உள்ளே வந்து, தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்தார். வாசலில் ஒரு சிறுபெண் நின்றாள். எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கையில் துணிப்பை.

"பில்லுக்கா வந்தீங்க?"

"பில்லா? அதெல்லாம் உங்களைத் தேடி நான் வரணுமா?" சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மடித்த புத்தகம் ஒன்றை மேசையில் பிரித்து வைத்தார். நிறுவனத்தின் ஆண்டறிக்கை. பின்னட்டையில் விரலை வைத்தார். "உங்க முன்னறையில இலவசமா வச்சிருக்கீங்க, எடுத்துட்டேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு ஆகுதுன்னு போட்டிருக்கீங்க. மனசு கேக்கலைம்மா. வண்டி, வக்கீல், போலீஸ், கோர்ட்டு. எதுக்கு இந்த அலைச்சல்? இதுல பாதி குடுங்க. நானே கொண்டாந்து வாசல்ல விட்டுடறேன்."

ரசீதக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தத் தொகை அவள் போட்டது. கூட்டி, வகுத்து, சரிபார்த்து, அவள் கையால் எழுதியது.

"போன தடவை நீங்க பேரம் பேசலை. நல்ல கை. அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்" என்றார் அவர்.

அவள் வாசலைப் பார்த்தாள். "இங்க வாம்மா. கையைக் காட்டு."

சிறுபெண் இரண்டு கையையும் நீட்டினாள். நகக்கண்ணில் மண். வேறு ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை.

"அங்க என்ன வேலை பாத்தே?"

"எந்த எடத்துலக்கா?" அவள் முதலாளியைப் பார்த்தாள். "நேத்துதான் வந்தேன். இந்த மாமா எங்க வீட்டுக்கு வந்து கூட்டிட்டு வந்தாரு. இங்கதான் வேலைன்னு சொன்னாரு. பெரிய கட்டடம், மாடியில கட்டில் எல்லாம் இருக்கு, சாமி கும்பிடறவங்க, அடிக்க மாட்டாங்கன்னாரு."

ரசீதக்காவுக்கு இப்போது விளங்கியது. இந்தப் பெண்ணை யாரும் கொட்டகையில் அடைக்கவில்லை. வேலைக்குக் கூட்டி வரவில்லை. விற்பதற்கென்றே கூட்டி வந்திருக்கிறார், இவர்களுக்கே. அவள் அந்தப் பல் கட்டும் பணத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இவள் இந்நேரம் தன் வீட்டில் இருந்திருப்பாள்.

"நான் போலீசுக்குச் சொல்லுவேன்" என்றாள்.

"சொல்லுங்க. என்னன்னு சொல்லுவீங்க? பணம் குடுத்தேன்னா? உங்க போதகர் கேட்டா நாளைக்கு இந்த நாற்காலி உங்களுக்கு இருக்குமா?" முதலாளி சிரிக்கக்கூட இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். "வேணாம்னா பரவாயில்லை. கூட்டிட்டுப் போறேன். வேற இடத்துல கேக்கறாங்க. ஆனா அவங்க உங்களை மாதிரி இல்லை."

சத்தம் கேட்டுப் போதகர் படியிறங்கி வந்தார். "யாருக்கா இது?"

நெருப்பை எத்தனை நாள் மடியில் கட்டி வைத்திருக்க முடியும்? நின்றாள், படியில் தலை மோதியது, அதைத் தடவக்கூட இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். லாண்டரி, வெந்த கை, பல் கட்டும் பணம், பேருந்து நிலையம் என்று சொன்ன பொய், பாதி விலை. போதகர் ஆண்டறிக்கையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு துணிப்பையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணை வெகு நேரம் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார் தாழ்ந்த குரலில்.

ரசீதக்காவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "ஐயா!"

"இவளை எப்படிக்கா திருப்பி அனுப்பறது? கண்ணு முன்னால நிக்கறாளே..." அவர் கை அங்கியின் பையைத் துழாவிக்கொண்டிருந்தது. சபையில் ஆசீர்வாதம் சொல்லி உயர்கிற கை.

"நான் போன மாசம் இப்படித்தான் நெனச்சேங்கய்யா. நான் குடுத்ததாலதான் இவ நிக்கறா. நீங்க குடுத்தா அடுத்த வாரம் நாலு பேரு நிப்பாங்க."

சொல்லிக்கொண்டே பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அங்கே ஓட்டுநர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே! வேனைக் கேட்டுக்குக் குறுக்க போடுங்க!"

"எதுக்குக்கா?"

"போடுங்கங்கறேன்! டீசலுக்கு ரசீதே வேணாம்!"

அவள் வாயிலிருந்து இந்தச் சொல் வந்தால் உலகம் அழிகிறது என்று பொருள். ஓட்டுநர் வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார். முதலாளி அப்போதுதான் முதல் தடவையாக எழுந்தார். போதகர் இன்னும் பையில் கையை வைத்தபடி அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். விலகவில்லை. ரசீதக்கா தொலைபேசியை எடுத்தாள்.

காவல் நிலையத்தில் பெண் ஆய்வாளர் ஒருவர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். பாதியில் நிறுத்தினார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. 'மீட்டேன்'னு எழுதினா உங்களுக்குப் பாதிப்பு குறைவு. பணம் கைமாறினதா எழுதினா அவர் மேல கேசு நிக்கும். ஆனா உங்க மேலயும் வரும்."

கணவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்திருந்தார்.

"வாங்கினேன்னே எழுதுங்க. அந்தப் பெண்ணை அவர் வித்தாரு, நான் வாங்கினேன்" என்றாள் ரசீதக்கா.

மாலையில் லாண்டரிக்குப் போன காவலர்கள் திரும்பி வந்தார்கள். உருளைகள் சூடாகவே ஓடிக்கொண்டிருந்தன என்றார்கள். நான்கு பெண்கள் இருந்தார்கள். ரசீதக்கா பார்த்தபோது அதைப்போல மூன்று மடங்கு இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று அந்த நால்வருக்கும் தெரியவில்லை. முதலாளி வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

போதகர் வெளியே வராந்தாவில் நின்றார். அவளிடம் வந்து, "நாளைக்கு நீங்க ஆபீசுக்கு வரவேணாம்க்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. "குழு கூடித்தான் முடிவு பண்ணும். ஆனா நான் என்ன சொல்ல முடியும்? விதி நான் போட்டது. நானே பையில கையை விட்டேன்."

"தெரியுங்கய்யா" என்றாள். "என் இடத்துக்குப் புதுசா வர்றவங்ககிட்ட, பின்னட்டையில அந்தத் தொகையைப் போட வேணாம்னு சொல்லுங்க."

சிறுபெண்ணின் அப்பாவுக்குச் சேதி போயிருந்தது. வேலையிலிருந்து வந்து பெண்ணைக் காணாமல் ஏற்கெனவே தேடிக் கிளம்பியிருக்கிறார், காலைக்குள் வந்துவிடுவார் என்றார்கள். பெண் பெஞ்சின் மறுமுனையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். யார் யாரோ வந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சோர்ந்திருந்தாள். ரசீதக்கா அருகே போய் உட்கார்ந்ததும், மெதுவாக அவள் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

"அப்ப எனக்கு வேலை?"

ரசீதக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கே போயிருச்சு கண்ணு" என்றாள்.

பெண்ணுக்குப் புரியவில்லை. பாவம், இந்த அக்காவையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள் போல. பைக்குள் கையை விட்டுத் துழாவி, வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்திருந்த ரொட்டியில் மிச்சமிருந்ததை எடுத்துப் பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டினாள்.