இரண்டு ஆடுகளைக் கொண்டுவரச் சொன்னவர்

டொக்டர் ஸுலைஹாவின் மரணச் செய்தி வந்தபோது நான் சிலாபத்து ஆய்வுகூடத்தில், முதல் நாள் வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறையோடு தொலைபேசியைத் தொட முடியாது. மேசை விளிம்பில் அது அதிர்ந்து ஓய்ந்தது. கடைசித் தட்டையும் பார்த்து முடித்த பிறகுதான் எடுத்தேன். பண்ணையில் ஆடு பார்க்கும் காதர் நானா குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"புள்ள, எங்கட டொக்டர் மவுத்து. விடிய சுபஹுக்குப் பொறகு நெஞ்சு நோகுது எண்டிரிக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முந்தியே முடிஞ்சி. பின்னேரம் அசருக்கு அடக்கம்."

அவருடைய குரலுக்குப் பின்னால் செம்மறிகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்தவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் எனக்கு யார் என்று கேட்பார்கள். உறவினர் இல்லை, மேலதிகாரி இல்லை, ஆசிரியரும் இல்லை. அரை நாள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் அவரோடு வேலை செய்த பலர் அவரை மிருக வைத்தியராக அறிவீர்கள். சிலர் மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு வெளியேற்றப்பட்டு வந்த குடும்பத்துப் பிள்ளையாக அறிவீர்கள். எனக்கு அவர் வாரத்துக்கு ஒரு முறை ஒரு போத்தல் இரத்தம் தந்தவர். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, எனக்கு முதல் நியமனம் புத்தளத்தில் கிடைத்த காலம் அது. நோயாளியின் தொண்டையிலிருந்தோ புண்ணிலிருந்தோ எடுக்கும் கிருமியை நாங்கள் ஒரு தட்டில் வளர்த்துப் பார்ப்போம். அந்தத் தட்டில் ஊற்றும் கூழில் செம்மறியின் இரத்தம் கலந்திருக்க வேண்டும். சில கிருமிகள் அந்தச் சிவப்பைக் கரைத்துத் தம்மைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் போடும். அதைப் பார்த்துத்தான் என்ன கிருமி என்று ஊகிக்கத் தொடங்குவோம். அந்த இரத்தத்துக்காகவே கனமூலைக்கு அப்பால் ஒரு சிறிய மந்தை வளர்க்கப்பட்டது. நான் தலவிலக்காரி. கடலும் தேவாலயமும் தெரியும், ஆடு தெரியாது.

முதல் நாள் அவர் ஒரு பெண் ஆட்டின், மறியின், கழுத்து மயிரை மழித்து, ஊசியை வைத்து, உள்ளே கண்ணாடி மணிகள் கிடந்த போத்தலை என் கையில் தந்தார். இரத்தம் உறையாமல் இருக்க அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் பயத்தில் வேகமாகச் சுழற்றினேன்.

"மெதுவா, தங்கச்சி. மோர் கடையல்ல நாம," என்றார்.

இரத்தம் பட்ட உடுப்போடு தொழ முடியாது என்பதால் அலுமாரியில் மாற்று உடுப்பு வைத்திருப்பார். நண்பகல் லுஹருக்கு முன் குளித்து மாற்றிக்கொண்டு வந்து, தொழுதுவிட்டு, பழைய உடுப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போவார். ஊரில் ஒரு கதை உலாவியது, ஆட்டு இரத்தத்தை ஆஸ்பத்திரியில் மனிதருக்கு ஏற்றுகிறார்கள் என்று. வேலிக்கு வெளியே நின்று ஒருவர் அதை நேரடியாகவே கேட்டார். "ஓம் காக்கா," என்றார் டொக்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "ஏத்தின ஆக்கள் எல்லாம் இப்ப வீட்டில புல்லுக் கேக்கிறாங்களாம்."

மந்தையின் ஆரோக்கியத்தில் அவர் கண்டிப்பானவர். கிளிரிசிடியா இலை எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, கோடையில் எந்த ஆட்டிடம் இரத்தம் எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் எல்லாம் அவரே பார்ப்பார். "செம்மறி நோவக் காட்டாது. காட்டுற நேரம் பிந்திப் பெயித்திருக்கும்" என்று அடிக்கடி சொல்வார். மருந்து கொடுத்த ஆட்டின் இரத்தம் நெடுநாள் எங்களுக்குத் தரமாட்டார். இரத்தத்தில் மருந்து மிஞ்சியிருந்தால் தட்டில் கிருமி வளராது. கிருமி இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். நோயாளியோ கட்டிலில் காய்ச்சலோடு கிடப்பார்.

அவருடைய கணவர் இறந்த வருடம் கடும் கோடை. டொக்டர் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம். அவருடைய இடத்துக்கு மாட்டுப் பண்ணையிலிருந்து ஓர் அதிகாரி பதிலுக்கு வந்தார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆடுகள் மெலிந்திருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தன் பழைய பண்ணையில் மாடுகளுக்கு வைக்கும் தாதுஉப்புக் கட்டிகளைக் கொண்டுவந்து கொட்டிலில் கட்டிவிட்டார். ஆடுகள் ஆசையாக நக்கின. நானும் பார்த்தேன். நல்லது என்றே நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து ஆடுகள் விழத் தொடங்கின. கண் மஞ்சள், சிறுநீர் தேயிலைச் சாயம் போல. எலிக்காய்ச்சல் என்று அதிகாரி முடிவு செய்தார். அந்தக் குறிகளோடு யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். திங்கட்கிழமை முழு மந்தைக்கும் கிருமிகொல்லி ஊசி போட ஏற்பாடு செய்தார். போட்டால் மாவட்டத்துக்கு இரத்தம் இல்லை. போடாவிட்டால் ஆடே இல்லை என்றார் அவர்.

நான் டொக்டரின் வீட்டுக்குப் போனேன். கணவரின் அக்கா கதவைத் திறந்தார். எல்லோரும் அவரை மதினி என்றே அழைப்பார்கள், நானும் அப்படித்தான். வெள்ளைச் சேலையில் உள்ளறையில் இருந்த டொக்டர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க ஒருக்கா வந்து பார்த்தால்..." என்றேன்.

"அவசியத்துக்குப் பகல்ல போகலாம் தான். யாரும் என்னக் கட்டி வைக்கல்ல," என்றார். "அவர் இருக்கக்குள்ள நான் வீட்டில இருந்ததே குறைவு, தங்கச்சி. எந்த நேரமும் ஆடு. சாப்பாட்ட மூடி வெச்சிட்டுக் காத்துக்கொண்டு இரிப்பார். இப்ப தான் அவருக்காக இரிக்கன். இதையும் முறிச்சா எனக்கு வேற ஒண்டும் இல்ல."

எனக்கு அப்போது கோபம் வந்தது. இறந்துவிட்ட ஒருவருக்காக வீட்டில் இருப்பதும், உயிரோடு இருக்கும் மந்தை சாவதும் ஒரே தராசில் வைக்கக்கூடியவை என்று எனக்குத் தோன்றவில்லை. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"எனக்குத்தான் இத்தா. ஆட்டுக்கு இல்லயே," என்றார் அவர். "கொண்டு வாங்க. ஆனா ஒண்டக் கொண்டு வர வேணாம். வருத்தமானது ஒண்டு, சுகமானது ஒண்டு, ரெண்டு. செம்மறி தனிய நிண்டா திங்காது, தலையத் தொங்கப் போடும். எது வருத்தம், எது தனிம எண்டு எனக்கு வெளங்காது."

மறுநாள் காலை நானும் இரண்டு ஆடுகளும் ஒரு முச்சக்கர வண்டியில் டொக்டர் வீட்டு ஒழுங்கைக்குள் போனோம். சாரதி கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். வாசலில் மதினி கையை விரித்து மறித்தார்.

"கிடாவா, மறியா?"

"ரெண்டும் மறிதான்."

"அப்ப சரி. உள்ள வரட்டும்."

அவர் விளையாடவில்லை. வண்டிச் சாரதியை ஒழுங்கை முனையில் நிற்கச் சொன்னார், ஆடுகளுக்கு வழி விட்டார்.

பின்வளவில் டொக்டர் கையுறையும் றப்பர்ச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கண் இமையைப் புரட்டிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார், "என்ன நக்குதுகள்?" நான் கட்டிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

மாட்டுக்குச் சேர்க்கும் அளவு செப்புச் சத்து செம்மறிக்கு ஆகாது. அது ஈரலில் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு நெருக்கடியில், வறட்சியிலோ பயத்திலோ, எல்லாம் ஒரே நேரத்தில் இரத்தத்துக்குள் கொட்டும். நோயுற்ற மறி அன்று பகலே செத்தது. மதினி வளவின் மூலையில் சாக்கு விரித்துக் கொடுத்தார். டொக்டர் அங்கேயே அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் கரிய இரும்பு நிறத்தில் இருந்தது. "இது எலிக்காய்ச்சல் இல்ல" என்றார்.

செப்பு நஞ்சுக்குக் கொடுக்க வேண்டிய உப்பு, அமோனியம் மொலிப்டேற்று, எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய சோதனை ஒன்றுக்காக வாங்கிய போத்தலில் இருந்தது. அங்கே பொறுப்பாக இருந்த டொக்டரிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். அதிகாரி முதலில் நம்பவில்லை. பிறகு அறுத்த சிறுநீரகத்தைப் பார்த்தார். தானே கட்டிகளை அவிழ்த்து எறிந்தார். ஊசி நிறுத்தப்பட்டது. மருந்தின் அளவை டொக்டர் வீட்டிலிருந்து சொல்ல, காதர் நானாவும் அதிகாரியும் தினமும் கரைத்துப் புகட்டினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தன. சில மாதங்களில் எங்களுக்கு மீண்டும் இரத்தம் கிடைத்தது.

இத்தா முடியும்வரை நான் வேலை முடிந்து அந்த வீட்டுக்குப் போய் ஆடுகளின் நிலைமையைச் சொல்லிவந்தேன். அந்த வளவிலேயே நின்ற சுகமான மறி பண்ணைக்குத் திரும்பிப் போன பின்னரும் போனேன். இத்தா முடிந்த அன்று டொக்டர் சொன்னார், "மனிசரோட இருக்கக் கூடாத காலம் எண்டு சொல்லுவாங்க. எனக்கு ஆள் வந்து போன காலம் இது தான்."

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. இடைக்கிடை தொலைபேசியில் அழைப்பார். எது ஈன்றது, எது நொண்டுகிறது என்று சொல்வார். "உங்களப் பற்றிச் சொல்லுங்களேன்" என்றால், "இவ்வளவு நேரமும் என்னத்தச் சொன்னன்?" என்பார். நானும் என்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சிலாபத்தில் என் அறையில் இருந்து அந்த ஆட்டுச் செய்திகளைக் கேட்பது எனக்குப் போதுமாக இருந்தது.

டொக்டரை அடக்கிய அன்று மாலை அந்த வீட்டிலிருந்து அயலவர் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரோ கொண்டுவந்த சாப்பாட்டுச் சஹன், பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு, மூடியபடியே இருந்தது. மதினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உங்கட கடைசி பஸ் பெயித்திடும்," என்றார் மதினி.

"போகட்டும்."

அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. சஹனைத் திறந்து நடுவில் வைத்து, எதிரே பாயில் உட்கார்ந்து, என் பக்கத்துச் சோற்றைச் சாப்பிடத் தொடங்கினேன். டொக்டர் ஸுலைஹாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். தலை தொங்கிய ஓர் உயிரிடம் என்ன நோய் என்று கேட்பதற்கு முன், அதன் கண்ணில் படும்படி பக்கத்தில் இருந்து தின்ன வேண்டும்.

மதினி சுவரை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஆட்டப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க," என்றார்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார்.