முதல் மிடறு

ஒஸ்லோவிலிருந்து தென்னாபிரிக்கா பார்க்கப் போன நாங்கள் யாரையும் நம்பவில்லை. என் புது டிஜிட்டல் கமராவை நான் கழுத்தை விட்டுக் கழற்றவேயில்லை. ஒரு சூலு கிராமத்தில், வீட்டுக்கார அம்மா மண்சட்டியில் சோளத்து பியர் கொண்டுவந்து, தானே முதலில் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“எச்சில்படுத்திப்போட்டெல்லே தாறா! வாங்காதேங்கோ,” என்றாள் மனைவி. எனக்கும் முகம் சுருங்கியது.

எங்களோடு வந்த வழிகாட்டி எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார். “நஞ்சில்லை என்று காட்டத்தான் அவர் முதலில் குடித்தார். விருந்தாளிக்குச் சந்தேகம் வரக்கூடாதல்லவா?”

என் சந்தேகத்துக்குக்கூட அந்த வீட்டில் மரியாதை இருந்திருக்கிறது! கூசிப்போய் வாங்கிக் குடித்தேன். நன்றாகப் புளித்தது.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்தபின், நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட் பகுதியில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த நோர்வேக்காரர் நாங்கள் தட்டில் நீட்டிய வடையை இரண்டு விரலால் புரட்டிப் பார்த்தார். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று ஒன்றை எடுத்து, அவர் பார்க்க நானே முதலில் கடித்தேன்.